இடது பக்கத்துப் புல்லாங்குழல்

நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கப் போய்க் கடைக்காரியோடு சண்டை பிடித்தவன் நான். பிழை முழுக்க என்னுடையது. அன்றைக்கு யார் சொல்லியிருந்தாலும் அது எனக்கு விளங்கியிருக்காது. எனக்குக் கொதி வந்தால் கண்மண் தெரியாது. அந்தக் கொதியால் வாழ்க்கையில் கெட்டுப்போன அலுவல்கள் கொஞ்சநஞ்சமல்ல. பலதை மறந்துவிட்டேன். இதை மறக்க முடியவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. சுவிட்சர்லாந்தில், லா ஷோ-து-ஃபோனில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நாங்கள் நாலு பேர் குடியிருந்தோம். நாலு பேரும் யாழ்ப்பாணப் பக்கம். நாலு பேரும் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தவர்கள். கைக்கடிகாரக் கூடுகளை மினுக்கும் பட்டறை ஒன்றில் எனக்கு வேலை. சுழன்றுகொண்டிருக்கும் துணிச் சில்லில் கூட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். பகல் முழுக்க இரைச்சல், மூக்குக்குள் கறுப்புத் தூள். வெளியே வந்தால் முழங்கால் வரை பனி. தெருக்களெல்லாம் கோடு போட்டது போல நேராக ஓடும். எந்தத் தெருவில் நிற்கிறேன் என்று முதல் குளிர்காலம் முழுக்க எனக்குத் தெரியவில்லை.

எங்கள் நால்வரில் ஒருவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மற்ற மூவரும் இருபதுகளில் இருந்தபடியால் அவரை அண்ணை என்று கூப்பிட்டோம். ஊரில் ஏதோ கடை வைத்திருந்தவர் என்பது தவிர அவரைப்பற்றி ஒன்றும் தெரியாது. தன்னைப்பற்றிக் கதைக்கவே மாட்டார். சமையல் அவர் பொறுப்பு. எங்களுக்குக் கேஸ் சொல்லித் தந்ததும் அவர்தான்.

கேஸ் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். ஏன் நாட்டை விட்டு ஓடி வந்தாய், உனக்கு என்ன நடந்தது என்று விசாரணையில் கேட்பார்கள். அதற்குச் சொல்லும் கதையைத்தான் அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் கேஸ் என்பார்கள். “கேஸ் குடுத்தாச்சோ? கேஸ் பலமோ?” என்றுதான் புதிதாக வந்தவனிடம் முதலில் விசாரிப்போம். பெயரைக்கூடப் பிறகுதான் கேட்போம்.

என்னுடைய கேஸ் பலமில்லை. வந்த கிழமையே குசினி மேசையில் இருந்து அண்ணையிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஒருநாள் திருத்தக் கொடுத்திருந்த றேடியோவை வாங்கிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தேன். சந்தியில் ஆமி மறித்தது. ஒருவன் றேடியோவைப் போட்டுக் காட்டச் சொன்னான். போட்டேன். கரகரவென்று இரைச்சல்தான் வந்தது. இதற்கோ இவ்வளவு கூலி வாங்கினான் என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டான். கையை விரித்து இடது கன்னத்தைப் பொத்தி ஒரே ஒரு அறை. சைக்கிளோடு விழுந்தேன். போ என்றான், போய்விட்டேன். மூன்று நாள் காதுக்குள் விசில் அடித்தது. தலையணையில் கொஞ்சம் இரத்தம் இருந்தது. சைக்கிளால் விழுந்தேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தச் சந்தியால் போகவே பயம். வெளியில் இறங்கவே பயம். அதனால்தான் வந்தேன்.

அண்ணை வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டார். “இவ்வளவுதானோ?”

“ஓம், இவ்வளவுதான்.”

“ஒரு அறைக்கு ஆரும் அகதியெண்டு எழுதிக் குடுப்பினமோ? விசரோ உனக்கு? சிரிச்சதுக்கு அடிச்சவன் எண்டு சொன்னா அவங்களே சிரிப்பாங்கள்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எத்தனையோ பேர் வீடு இழந்து, பிள்ளை இழந்து வந்திருக்கும்போது ஒரு அறையைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறேனே என்று. அண்ணை கத்தியை வைத்துவிட்டு, கையைத் துடைத்து, விசாரணையில் நான் சொல்ல வேண்டியபடியே ஒரு கதை சொன்னார். ஆமி கடையை எரித்தது. தம்பியைக் கடை வாசலில் வைத்துச் சுட்டது. தம்பி அந்த நேரம் ஒரு ஆச்சிக்குச் சீனி நிறுத்துக்கொண்டிருந்தான், தராசில் சீனி இருந்தபடி இருந்தது. நான் பக்கத்து வளவு மாட்டுக்கொட்டிலுக்குள் ஒளிந்திருந்து பார்த்தேன். அடுத்த நாள் என்னையும் தேடி வந்தார்கள்.

“இதைச் சொல்லு. மாறாமல் சொல்லு. நானும் இதைத்தான் சொன்னனான். மற்றப் பெடியளும் இதைத்தான் சொன்னவங்கள்.”

என்ன கற்பனை இந்த மனுசனுக்கு என்று வியந்தேன். தராசில் சீனி! அப்படி ஒன்றை யோசித்து வைக்க எனக்கு ஏழு பிறப்பு எடுத்தாலும் வராது.

எங்களிடம் ஒரு நல்ல கோட்டும் இருந்தது, சாம்பல் நிறம், முழங்கால் வரை நீளம். பழைய உடுப்புக் கடையில் அண்ணை வாங்கியது. விசாரணைக்குப் போகிறவன் அதைப் போட்டுக்கொண்டு போவான், வந்து ஆணியில் கொழுவி விடுவான். மற்றவன் போவான். கதையும் அப்படித்தான் எங்களுக்குள் மாறி மாறிப் போனது. ஒருவருக்கும் அதில் குற்றம் தெரியவில்லை. வீட்டில் இருந்த ஒரு நல்ல சாமானை நாலு பேரும் பாவித்தோம், அவ்வளவுதான்.

நான் போன அன்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. சீனித் தராசு வந்த இடத்தில் மொழிபெயர்த்த பெண்ணின் குரல் தடுமாறியது. பாஸ் என்று மனதுக்குள் நினைத்தேன். கடைசியில் அதிகாரி கேட்டார். உமக்கு நேரடியாக அடி, காயம் ஏதாவது உண்டா? நான்தான் மாட்டுக்கொட்டிலுக்குள் இருந்தவனாயிற்றே. இல்லை என்றேன். ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து வைத்தேன்.

சரி, ஹெட்போனுக்கு வருகிறேன்.

சம்பளம் சேர்ந்ததும் முதல் வேலையாகச் சனிக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய கசெற் டெக்கும் அதற்கு அம்ப்ளிஃபயரும் இரண்டு பெட்டி ஸ்பீக்கரும் வாங்கினேன். ஊரில் பாட்டென்றால் தேத்தண்ணிக் கடை றேடியோவும் கல்யாண வீட்டு லவுட்ஸ்பீக்கரும்தான். ஸ்டீரியோ என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதை எனக்கென்று இருந்து கேட்க வேண்டும் என்று ஆசை. ஆனால் போட்ட முதல் நாளே கீழ் வீட்டு மனுசி தும்புத்தடியால் கூரையில் இடித்தாள். இரண்டாம் நாள் மேலே ஏறி வந்து, கட்டட விதிகள் அச்சடித்த தாளை நீட்டி, விரலால் ஒரு வரியைக் காட்டினாள். மூன்றாம் நாள் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம்.

“ஏன்டாப்பா உப்பிடி அலற விடுறாய்? காது வெடிக்குது,” என்றார் அண்ணை.

“எனக்கு அளவாய்த்தானே இருக்கு?”

“உனக்கு அளவு. எங்களுக்குத் திருவிழா.”

பகிடியாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. இவர்களோடும் இந்தக் கீழ் வீட்டுக்காரியோடும் மாரடிக்க ஏலாது, நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கி நான் பாட்டுக்கு இருக்கப்போகிறேன் என்று முடிவெடுத்தேன். என்னிடம் வோக்மனோடு வந்த ஒன்று இருந்தது, மெல்லிய கம்பியும் இரண்டு பஞ்சு வட்டமும். அதில் பாட்டுக் கேட்பது தகர டப்பாவுக்குள் தலையை விட்டது போல இருக்கும். ஒரு பக்கம் சரியாகக் கேட்காது, அது ஹெட்போனின் பழுது என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். மலிவுச் சாமான், வேறென்ன.

பெரிய தெருவிலிருந்து ஒன்று தள்ளி ஒரு சின்னக் கடை இருந்தது. சுவர் முழுக்க ஹெட்போன்கள் கொழுவியிருக்கும். கடையில் நின்றவளுக்கு என் வயதுதான் இருக்கும். கட்டையாக வெட்டிய தலைமயிர், வாயில் ஒரு திருகாணி, கையில் யாருடையதோ பழுதான றேடியோ. என் அரைகுறைப் பிரெஞ்சைப் பொறுமையாகக் கேட்டாள். பிறகு மூன்றை எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்று காதைப் பொத்தி மூடுவது, வெளியே சத்தம் போகாது, கொஞ்சம் பாரம். மற்றது வலை போல ஓட்டை வைத்தது. பாட்டு விசாலமாக இருக்கும், ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். மூன்றாவது இரண்டுக்கும் நடுவில். தலையில் போட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இரு, பாட்டே வேண்டாம், கனக்கிறதா, வேர்க்கிறதா என்று பார் என்றாள். அதிர்கிற சத்தத்தைப் பார்த்து மயங்காதே, ஒரு மாதத்தில் அலுத்துவிடும் என்றாள். கடைசியாக, கடையில் இருக்கும் கசெற்றை வைத்துத் தெரிவு செய்யாதே, உனக்கு மூச்சுக்கு மூச்சுத் தெரிந்த ஒரு பாட்டைக் கொண்டு வா என்று அனுப்பிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை ஒரு சினிமாப் பாட்டுக் கசெற்றோடு போனேன். ஊரில் பஸ் நிலையத் தேத்தண்ணிக் கடையில் ஒரு வருடம் காலையும் மாலையும் கேட்ட பாட்டு. எந்த இடத்தில் பாடகி மூச்சு எடுப்பாள் என்பதுகூட மனப்பாடம். பல்லவி முடிந்ததும் ஒரு புல்லாங்குழல் வரும். அதற்காகத்தான் அந்தப் பாட்டையே எனக்குப் பிடிக்கும்.

காதைப் பொத்தும் ஹெட்போனை மாட்டினேன். பாடகி வந்தாள், தெளிவாக, பக்கத்தில் நின்று பாடுகிற மாதிரி. உடம்பு சிலிர்த்தது. பல்லவி முடிந்தது. குழல் வர வேண்டிய இடத்தில் தபேலா மட்டும் தனியாக நடந்தது. குழல் இல்லை. திருப்பிப் போட்டேன். இல்லை. இரண்டாவதை மாட்டினேன், இல்லை. மூன்றாவதில் மட்டும் எங்கேயோ தூரத்தில், சுவருக்கு அப்பால் யாரோ ஊதுகிற மாதிரி ஒரு நூல்.

“இது பழுது,” என்றேன். “மூன்றும் பழுது.”

அவள் வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். நல்லாகத்தானே இருக்கிறது என்றாள்.

அவ்வளவுதான், எனக்குக் கொதி ஏறிவிட்டது. வெளிநாட்டான், கறுப்பன், இவனுக்கு என்ன தெரியும் என்று பழுதான சாமானைத் தலையில் கட்டப் பார்க்கிறாய் என்று கத்தினேன். பிரெஞ்சு போதாமல் தமிழிலும் கத்தினேன். கடையில் நின்ற இன்னொருவர் மெல்ல வெளியே போனார். அவள் கோபிக்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஹெட்போனை என் தலையிலிருந்து கழற்றி, இடது வலமாகத் திருப்பி மாட்டிவிட்டு, பாட்டை முதலிலிருந்து போட்டாள்.

பல்லவி முடிந்தது. புல்லாங்குழல் வலது காதுக்குள் பீறிட்டுக்கொண்டு வந்தது.

இடது பக்கத்தில் இப்போது ஒன்றுமில்லை. முதலில் வலது காதில் கேட்ட தபேலாவும் அந்தப் பக்கம் போய் மறைந்துவிட்டது. அவள் தன் இடது காதைத் தொட்டுக் காட்டி, மருத்துவரிடம் போ என்றாள். நான் வாசலில் வந்து பனிக்குள் நின்றேன். நாற்காலி போட்டால் எல்லாரையும் எனக்கு வலது பக்கம் இருக்கச் செய்ததும், ரெலிபோனை வலது காதில் மட்டும் வைத்ததும், வலது பக்கம் சரிந்து படுத்தால் ஊரே அடங்கிவிடுவதும் அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஒரு மனுசனுக்கு ஒரு காது போய்விட்டது, அது அவனுக்கே தெரியாது. ஐயோ, என்ன பிறவி நான் என்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் விளக்கை விட்டுப் பார்த்தார். இயந்திர இரைச்சல் என்றால் இரண்டு காதும் போகும், இது ஒரு பக்கம் மட்டும், பழைய காயம் என்றார். செவிச் சவ்வு கிழிந்து தானாக ஒட்டியிருக்கிறது, உள்ளேயும் சேதம், இனித் திரும்பாது. யார் அடித்தது என்றார். ஒருவரும் அடிக்கவில்லை என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் சந்தியையும் றேடியோவையும் சொன்னேன். விரித்த கையால் அடித்த அடியோடு பொருந்துகிறது என்று ஒரு தாள் எழுதித் தந்தார்.

தாளைக் கண்டதும் அண்ணை துள்ளினார்.

“அட கோதாரி! உன்ரை காதுக்குள்ளையே கேஸ் இருந்திருக்குடா! இதைக் குடு. உடனை குடு. ஆனா ஒண்டு, முதல் சொன்னதிலை கை வையாதை. அதுவும் நடந்தது, இதுவும் நடந்தது எண்டு சொல்லு. விளங்குதோ?”

“ஓம் அண்ணை.”

அன்றைக்கே போய் அந்த மூடிய ஹெட்போனை வாங்கினேன். கடைக்காரியிடம் மன்னிப்புக் கேட்டேன். அரைச் சம்பளம் போனது. எனக்கு இடது பக்கம் உதவாதபடியால் அண்ணை நாற்காலியை என் இடப்பக்கம் இழுத்துப் போட்டு, ஹெட்போனின் இடது கிண்ணத்தை வெளியே திருப்பித் தன் காதோடு வைத்துக்கொள்வார். இரண்டு ஆம்பிளைகள் ஒரு ஹெட்போனில் தலையை ஒட்டிக்கொண்டு இருந்தோம், பார்ப்பவன் சிரிப்பான். “இப்ப குழல் போகுது... மேலை போகுது... ஆ, இறங்குது,” என்று, என் வலது கிண்ணத்தைச் சற்று விலக்கி, உரக்கச் சொல்வார். மற்ற நேரம் என்னோடு கதைக்க எப்போதும் வலப்பக்கம் சுற்றி வருவார், அதன் பிறகு ஒருநாளும் பக்கம் மாறி நின்றதில்லை. மற்ற இருவரும் மறந்துவிடுவார்கள். அவர் மறக்கவே மாட்டார். அந்தக் குளிர்காலத்தில் எனக்குச் சந்தோசம் என்று ஒன்று இருந்ததென்றால் அது அந்த ஞாயிற்றுக்கிழமைப் பகல்கள்தான்.

மருத்துவரின் தாளை அனுப்பியதும் இரண்டாம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தேவாலயம் ஒன்றில் அகதிகளுக்கு உதவி செய்யும் ஒரு சுவிஸ் அம்மா என்னோடு வந்தார். சாம்பல் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். அதே அதிகாரி. முன்னால் என் பழைய வாக்குமூலம்.

காயம் இல்லை என்று சொன்னீரே என்று தொடங்கினார். அடிபட்டது எப்போது? தம்பி இறப்பதற்கு முன்னா, பின்னா? அப்போது கடையில் யார் நின்றார்கள்? நான் தடுமாறினேன். திகதிகள் இடித்தன. திருப்பித் திருப்பிக் கேட்டார். நீர் பொய் சொல்கிறீர், காதைக்கூட இங்கே வந்து கெடுத்திருக்கலாம் என்றார். அந்தச் சொல்லோடு என் மண்டைக்குள் ஏதோ அறுந்தது. இவ்வளவு நாளும் எனக்கே தெரியாமல் சுமந்த என் சொந்தக் காதை, என் ஒரே உண்மையை, பொய் என்கிறானே!

“எனக்குத் தம்பியே இல்லை!” என்று கத்தினேன். “நான் தனிப் பிள்ளை. கடையும் இல்லை. சீனியும் இல்லை. அது முழுக்கக் கட்டுக்கதை. வீட்டிலை எல்லாரும் அதைத்தான் சொல்லுறவை. என்ரை உண்மை இந்தக் காது மட்டும்தான்.”

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்தார். அதிகாரி மெதுவாக எழுதினார். யார் அந்தக் கதையைத் தந்தது என்று கேட்டார். பெயர் சொல்ல மாட்டேன் என்றேன். ஒருவரையும் காட்டிக் கொடுக்கவில்லை என்று எனக்குப் பெருமை வேறு. விலாசம் அவரின் முன்னால் கிடந்த தாளிலேயே இருந்தது. அதில் எங்கள் நாலு பேருக்கும் ஒரே கதவிலக்கம்.

வீட்டுக்கு வந்து, தாளைக் கொடுத்தேன், எல்லாம் சரி என்று மட்டும் சொன்னேன். அண்ணை தோளில் தட்டினார்.

மூன்று மாதத்தில் எனக்குப் பதில் வந்தது. மருத்துவரின் தாளை நம்பி, நாட்டில் இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அண்ணை ஆட்டிறைச்சி வாங்கிக் காய்ச்சினார். என்னைவிட அவர்தான் கூடச் சந்தோசப்பட்டார். அதற்கு மூன்று கிழமை கழித்து அவருடைய கடிதம் வந்தது. நால்வரில் பிரெஞ்சு கொஞ்சம் வாசிக்கக் கூடியவன் நான்தான். குசினி மேசையில் எனக்கு வலப்பக்கம் வந்து இருந்து, “வாசி பாப்பம்,” என்றார்.

நிராகரிப்பு என்று முதல் வரியிலேயே தெரிந்தது. அதைச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். காரணங்களை வாசித்தேன். விண்ணப்பதாரியின் கதை, அதே வீட்டில் வசிக்கும் மற்றவர்களின் கதையோடு சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகிறது. கடை, தம்பி, தராசில் இருந்த சீனி வரைக்கும். கடையும் இல்லை, சீனியும் இல்லை, இந்தக் கதை இட்டுக்கட்டியது என்று அதே வீட்டில் வசிக்கும் ஒருவர் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். ஆகவே விண்ணப்பதாரிக்கு அப்படி ஒரு தம்பி இருந்ததாக நம்ப முடியவில்லை.

வாசித்ததை நானே தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வரியை விழுங்கியிருக்கலாம். மூளை வேலை செய்யவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஆரெண்டு எழுதியிருக்கோ?”

“இல்லை அண்ணை.”

“சரி.”

எழும்பி அறைக்குப் போனார். சூட்கேஸைத் திறக்கிற சத்தம் வந்தது. திரும்பி வந்து மேசையில் ஒரு படத்தை வைத்தார். மீசை இப்போதுதான் அரும்பிய ஒரு பெடியன், படத்தைச் சுற்றிக் காய்ந்துபோன பூமாலையின் நூல். பின்னால் ஒரு கடையின் பெயர்ப்பலகையில் பாதி தெரிந்தது.

“பதினெட்டு வயசு,” என்றார். “கணக்கிலை சரியான மொக்கன். ஆனா நிறுவையிலை ஒரு குண்டுமணி பிழைக்க மாட்டான்.”

நான் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“அண்ணை, இது... உண்மையோ? ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லையே. ஒருத்தனும் கேக்கேல்லை. நடந்த கதையெண்டா தடக்குப்படாது, பிடிபட மாட்டியள் எண்டு குடுத்தனான்.”

“கட்டுக்கதையெண்டு சொன்னது நான்தான் அண்ணை.”

“தெரியும்,” என்றார். “சீனி இல்லையெண்டு சொன்னதும் நீதானே. மற்ற ரெண்டு பேரும் ரெண்டாம் விசாரணைக்குப் போகேல்லை.” பிறகு படத்தை எடுத்துச் சட்டைத் துணியால் துடைத்தார். “நீ பொய் சொல்லேல்லை. உனக்குத் தம்பி இல்லைத்தானே.”

திட்டியிருந்தால், நாலு அறை போட்டிருந்தால் என் மனம் ஆறியிருக்கும். வேணுமென்றால் மற்றக் காதையும் எடுத்திருக்கலாம்.

சுவிஸ் அம்மாவிடம் ஓடினேன். அவர் மேல்முறையீடு எழுதினார், படத்தின் பிரதியையும் மரணச் சான்றிதழையும் சேர்த்தார். நான் போய், அந்தக் கதை அண்ணையுடையது, எங்களுக்கு இரவல் தந்தவர் என்று சாட்சி சொல்கிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒருதரம் ஒன்று சொன்னீர், மறுதரம் வேறொன்று சொன்னீர், மூன்றாம் தரம் உம்மை யார் நம்புவார்கள் என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. மேல்முறையீடும் விழுந்தது. சான்றிதழ்கள் காசுக்குக் கிடைக்கும் என்று எழுதியிருந்தார்கள். மற்ற இருவருக்கும் நிராகரிப்பு வந்தது. அவர்கள் ஆளுக்கொரு பக்கமாக வேறு நாடுகளுக்குப் போய்விட்டார்கள். என்னோடு கடைசிவரை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அண்ணை கதைத்தார். அதுதான் பெரிய தண்டனை. சமைத்தார், வேலையால் வர எனக்குச் சாப்பாடு மூடி வைத்தார். ஹெட்போன் பக்கம் மட்டும் வரவில்லை. நானும் அதை எடுக்கவில்லை.

நாட்டை விட்டுப் போகச் சொன்ன திகதிக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு தைமாதக் காலை அவர் வெளிக்கிட்டார். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருவர் காரோடு நிற்பார் என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. ஸ்டேசனுக்கு நான் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு போனேன். கோட்டைப் போடுங்கள் என்று நீட்டினேன்.

“அது உனக்கு வேணும்.”

“எனக்கு இனி என்னத்துக்கு அண்ணை? எல்லாம் முடிஞ்சுது.”

யோசித்துவிட்டுப் போட்டுக்கொண்டார். கோட்டின் தோள் கொஞ்சம் பெரிது அவருக்கு. இவ்வளவு நாளும் அவர் வாங்கிய கோட் அவருக்கே அளவில்லை என்பதை நான் பார்க்கவில்லை.

ரயில் வந்து நின்றது. ஏறுவதற்கு முன் அவர் என்னைக் கட்டிப் பிடித்தார். குனிந்து என் காதோடு ஏதோ சொன்னார். ஒரு சொல் இல்லை, நீளமாகச் சொன்னார். மூச்சுச் சூடு கன்னத்தில் பட்டது. இடது காது.

பல மாதங்களாக ஒருநாளும் பக்கம் மாறாத மனுசன். நான் மறந்தாலும் தான் மறக்காமல் சுற்றி வந்து வலப்பக்கம் நின்றவர். எது செத்த காது என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அவர் ஏறி, கதவுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தார். கதவு திறந்தே கிடந்தது. அங்கே ரயில் எப்போதும் நாலைந்து நிமிடம் நிற்கும். எனக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு படிதான். என்ன சொன்னீர்கள் அண்ணை என்று கேட்க எவ்வளவோ நேரம் இருந்தது. நான் அந்த நாலைந்து நிமிடமும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவு மூடியது.

அன்றைக்கும் நான் அவரைக் கேட்கவில்லை.